முட்டைக்காரரின் வண்டி

மார்ச் 4

தம்பிக்கு,

பாரம் ஏற்றும் பிக்கப் வண்டிகளில் எது நல்லது? நீ கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு சைக்கிள் கற்றுத்தர வந்து மூன்றே நாளில் வெறுத்துப்போனவன் நீ. என்னிடம் போய் இதைக் கேட்கிறாய்.

நான் சுகமாக இருக்கிறேன். உன் முதுகு எப்படி இருக்கிறது? உன் மனைவியின் மூட்டுவலி குறைந்ததா?

நம் வீட்டில் எதை வாங்கினாலும் "அக்கா படிச்சுப் பார்த்துட்டாளா?" என்று கேட்கும் வழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர் அப்பா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வழக்கம் போகவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படித்தது உலோகங்களைப் பற்றி. இப்போது வேலை செய்வது ஓர் ஆய்வகத்தில். கம்பியையும் கொக்கியையும் அறுந்துபோகும்வரை இழுத்து, எந்த எடையில் அறுந்தது என்று எழுதிவைப்போம். விற்கிறவர் சொல்வதை நம்பக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றது. அது உனக்குப் பயன்படுமானால் சொல்கிறேன்.

என்ன ஏற்றுவாய், எத்தனை கிலோ, எப்படிப்பட்ட சாலை என்று விவரமாக எழுது. போனில் வேண்டாம். கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் உன் வலது காதைத் தின்றுவிட்டது, எனக்கோ கத்திப் பேச வராது.

கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாய். மகள் சில்லு வீட்டை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது, ஏதாவது தெரிந்தால் சொல் என்று. அவளுக்கு இருபத்து மூன்று வயது. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள். பத்திரமாகத்தான் இருப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் இவளும்தான். முதுகு அப்படியேதான் இருக்கிறது, இவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நான் ஏற்றுவது கண்ணாடி. எட்டடிக்கு நாலடி ஷீட் ஐந்தாறு. ஜன்னல் சட்டங்களோடு சேர்த்து நானூறு கிலோ வரும். பழைய வண்டியை அக்டோபரில் அன்றைக்கே விற்றுத் தள்ளிவிட்டேன், அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்போது வாடகை வண்டியில் பிழைப்பு ஓடுகிறது.

மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

முதல் வண்டி புத்தம் புதுசு, வெள்ளை. ஒன்றேகால் டன் தாங்கும், பின்தொட்டி எட்டடி. ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய பையன், "சார், யானையை ஏத்தலாம்" என்றான். "நான் ஏத்துறது கண்ணாடிப்பா" என்றேன். உடனே சுருதி இறங்கிவிட்டது. "லோடு கம்மியா இருந்தா கொஞ்சம் எகிறும் சார், ஸ்பிரிங் அப்படி." இரண்டாவதும் புதுசுதான். இரண்டு வரிசை இருக்கை, குளிர்சாதனம் எல்லாம் உண்டு, கப்பல் மாதிரி இருக்கிறது. ஆனால் தொட்டி ஐந்தடிதான், கண்ணாடி பின்னால் மூன்றடி நாக்கை நீட்டிக்கொண்டு வரும். மூன்றாவது ஆறு வருஷம் ஓடியது, சாம்பல் நிறம். முட்டை வியாபாரி ஒருவருடையது. ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி மெத்தென்று வைத்திருக்கிறார்.

எனக்கு ஸ்பிரிங்தான் முக்கியம் அக்கா. பழைய வண்டி வெறும் கல். உனக்குத் தெரியும், நம் கடையில் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. கயிறு இறுகினால் ஓரம் தெறிக்கும். ஒரு ஆள் பின்னால் நின்று உள்ளங்கையால் தாங்க வேண்டும், அது நடுங்குவது கையில் தெரிய வேண்டும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மற்ற கடைக்காரர்கள் மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு போவார்கள். அக்டோபரில் சில்லு நின்றாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பிடியை விட்டுவிட்டாள். ஷீட் சரிந்து கையைக் கிழித்துவிட்டது. சின்னப்பெண்தானே.

இவள் ஒருநாள்கூட அழவில்லை. பெற்றவளுக்கு அப்படி ஒரு கல் நெஞ்சு.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது, வேறொன்றும் இல்லை.

உன் மனைவி அழவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. எல்லாரும் எல்லாருக்கும் எதிரில் அழுவதில்லை.

வண்டிக்கு வருகிறேன். இரண்டாவதை விட்டுவிடு. குளிர்சாதனத்துக்காகக் கண்ணாடியை அந்தரத்தில் தொங்கவிட முடியாது. மற்ற இரண்டையும் சோதித்துப் பார். ஒரே சாலை, ஒரே பாரம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றை மட்டும் மாற்று, ஒவ்வொன்றையும் எழுதிவை. வேகத்தையும் எழுது. முட்டைக்காரர் முட்டை உடையவில்லை என்று சொல்வார், வேறென்ன சொல்வார்?

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பின்னால் ஆள் நிற்காமல் கண்ணாடியைக் கொண்டுபோகவே முடியாதா? கண்ணாடியைச் சாய்த்து நிறுத்த ரப்பர் ஒட்டிய சாய்சட்டம், சுற்றிக் கட்ட அகலமான பட்டை என்று எவ்வளவோ வந்துவிட்டது. கயிற்றைப் பற்றி அப்பா சொன்னது கயிற்றுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இன்னொன்று. சில்லு பிடியை விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நீ ஓட்டிக்கொண்டிருந்தாய். சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் அதை எப்படிப் பார்த்தாய்?

காதுக்கு மருந்து போடுகிறாயா?

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதை மருந்துக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாது.

சில்லுவின் நடுவிரலும் மோதிர விரலும் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கண்ணாடி வெட்டுகிற கை. அதை நினைத்துத்தான் கொஞ்சம் அழுதேன், குளியலறையில். உங்கள் வீட்டில் இருக்கிறாள் என்பதால்தான் நான் தூங்குகிறேன். இடது கையால் எழுதப் பழகுகிறாள், மருந்துக் கிடங்கில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போகிறாள் என்பதைப் படித்து நிம்மதி அடைந்தேன். நீங்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்களா?

அவர் இன்னும் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதையேதான் சொல்கிறார். "இத்தனை வருஷத்துல ஒரு ஷீட் போனதில்ல சார், பொண்ணு பிடியை விட்டுட்டா." அவளுக்குக் கட்டுக்கூடப் பிரிக்கவில்லை, பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டாள். ஒரு தடவை இல்லை, இருபது தடவை. போகிற அன்று என்னிடம் சொன்னாள், "அம்மா, கை போனது போகட்டும். நான் விடலைன்னு அப்பா ஒரே ஒரு தடவை சொல்லட்டும், நான் திரும்பி வந்துடறேன்."

அவர் கெட்டவர் இல்லை அண்ணி. அவளுடைய வெட்டுக் கத்தியைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பார். உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பது.

அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சில்லுவின் அம்மா


ஏப்ரல் 23

அக்காவுக்கு வணக்கம்.

சளி போய்விட்டதா? வெந்நீர் குடி.

நீ சொன்னபடியே சோதனை செய்துவிட்டேன். முட்டையை வைத்தே செய்தேன். முட்டைக்காரரிடம் நாலு தட்டு முட்டை கேட்டதும், "அண்ணே, பொண்ணு பார்க்க வர்றவன்கூட இவ்வளவு கேக்கமாட்டான்" என்றார். "பொண்ணு உடையாதுய்யா" என்றேன். "உடைஞ்ச முட்டைக்கு நீங்கதான் பொறுப்பு" என்று அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

அதே சாலை. அதே வேகத்தடை. பின்தொட்டியில் நானூறு கிலோவுக்கு மணல் மூட்டை, அதன் மேல் முப்பது முட்டை உள்ள தட்டு. யாரும் பிடிக்கவில்லை. வெள்ளை வண்டிக்கு ஷோரூம் பையன் வந்தான். கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் இறங்கி எண்ணினோம். தெருவில் இருந்த நாய்களுக்கு அன்றைக்கு விருந்து. முட்டைக்காரர் உடைந்த ஒவ்வொரு முட்டையையும் தன் பிள்ளைக்கு அடிபட்ட மாதிரி பார்த்தார்.

கணக்கு இது. வெள்ளை வண்டி, நாற்பது கிலோமீட்டர் வேகம்: பதினேழு உடைந்தது. சாம்பல் வண்டி, நாற்பது: நாலு உடைந்தது. நீ ஒன்றை மட்டும் மாற்று என்றாயே என்று பதினைந்தில் ஓட்டியும் பார்த்தேன். வெள்ளையில் ஒன்றும் உடையவில்லை. சாம்பலிலும் இல்லை.

பார்த்தாயா அக்கா? பதினேழு எங்கே, நாலு எங்கே? எல்லாம் ஸ்பிரிங்தான். அன்றைக்கு அவளிடம் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம், கல் மாதிரி ஸ்பிரிங் இருந்தால் யார்தான் பிடிப்பார்கள்? சாம்பல் வண்டியையே முடித்துவிடலாமா? என்ஜின் சத்தம் நன்றாக இருக்கிறது என்று முட்டைக்காரர் சொல்கிறார், எனக்குக் காது கேட்டால்தானே. அடியில் கொஞ்சம் துரு இருக்கிறது. நீ சரி என்று சொன்னால் முன்பணம் கொடுத்துவிடுவேன்.

சாய்சட்டம், பட்டை எல்லாம் ஷோரூமில் காட்டினார்கள். பொம்மை மாதிரி இருக்கிறது. கை மாதிரி வராது.

தம்பி


மே 3

தம்பிக்கு,

நான் நலம். இங்கே வெயில் கடுமையாக இருக்கிறது, ஆய்வகத்தில் மின்விசிறி மட்டும்தான்.

உன் சோதனை ஒழுங்காக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நான்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. ஆனால் நான்கு எண்களை எழுதிவிட்டு இரண்டைத்தான் படித்திருக்கிறாய்.

நாற்பதில் பதினேழும் நாலும். பதினைந்தில் இரண்டிலும் ஒன்றுமே இல்லை. கல் ஸ்பிரிங் உள்ள வண்டியிலும் இல்லை. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமலேயே இல்லை. ஸ்பிரிங்கை மாற்றினால் பதின்மூன்று முட்டை பிழைக்கிறது. ஓட்டுகிறவன் காலை எடுத்தால் எல்லாமே பிழைக்கிறது. இது நான் சொல்வதில்லை, நீ எழுதிய தாளில் இருக்கிறது.

அன்றைக்கு எத்தனையில் போனாய்?

பதினைந்தில் போயிருந்தால் ஷீட் சரிந்திருக்காது. நாற்பதில் போயிருந்தால் யார் நின்றிருந்தாலும் சரிந்திருக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் அவள் பிடியை விட்டாள் என்பதற்கு இடமில்லை. "என்றே வைத்துக்கொள்வோம்" என்று எழுதியிருக்கிறாய். எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

சாம்பல் வண்டியை வாங்கலாம். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வாங்கு.

பதில் எழுது.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

சாம்பல் வண்டியை வாங்கிவிட்டேன். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், துரு மேலோடு நிற்கிறது. விற்ற அன்று முட்டைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதை அடிச்சு ஓட்டாதீங்க" என்றார். ஊரில் எல்லாருக்கும் நான் ஓட்டுவதைப் பற்றித்தான் பேச்சு.

நீ கேட்டதற்குப் பதில்: நினைவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டா ஒருவன் வண்டி ஓட்டுவான்? முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். நீ படித்தவள், எண்களை வைத்து யாரையும் மடக்கலாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடையில் உட்கார்ந்தவனுக்கு அப்படிப் பேச வராது. நீ படிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதை நான் சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

சில்லுவுக்காகப் பின்தொட்டியில் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். வெல்டிங் பட்டறையில் நாலு நாள் கூடவே நின்று செய்தது. என்றைக்காவது வந்தால் பார்க்கட்டும். இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது.

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ சொல்லிக்காட்டவில்லை என்று சொன்னதையும்.

வெல்டிங் வேலை என்று படித்ததும் எனக்குப் புரிந்தது. சாய்சட்டம்தானே? பின்னால் இனி யாரும் நிற்க வேண்டாம் என்று செய்திருக்கிறாய். பொம்மை என்று சொல்லிவிட்டு நாலு நாள் கூட நின்று செய்திருக்கிறாய். சந்தோஷம்.

அதனால் இதை எழுதுகிறேன். சில்லு என் வீட்டில் இருக்கிறாள். உன் வீட்டை விட்டு வந்த அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். சொல்லக் கூடாது என்றாள், நானும் சொல்லவில்லை. உன் மனைவிக்குத் தெரியும், அவளைக் கோபிக்காதே. மறைத்தது நான். கையில் இரண்டு விரல் மடங்காது. மற்றபடி நலமாக இருக்கிறாள்.

உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். சாய்சட்டமாகத்தான் இருக்கும் என்று நான் நினைப்பதையும் சொன்னேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா வரட்டும் அத்தை" என்றாள்.

அவள் உன்னிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று. அது என்ன என்று நான் எழுதிவிட்டால் அது என் வார்த்தை ஆகிவிடும். உனக்கே தெரியும்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

எட்டு மாதம். நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, பஸ் நிலையம் பஸ் நிலையமாக அலைந்தபோது நீ எனக்கு ஸ்பிரிங்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய். இவளும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம்.

தம்பி


ஜூலை 17, சனிக்கிழமை

சில்லுவின் அம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? அவன் உன்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான் என்று எழுதியிருந்தாய். இங்கே என்ன நடக்கிறது என்று உடனே தெரிந்தால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு வந்துவிட்டான். வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறான். பின்தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருக்கிறான். திறந்து காட்டு என்றேன். "அவ வந்து பார்க்கட்டும்" என்றான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் சமைத்ததைச் சாப்பிட்டான். இரண்டாம் தடவை வாங்கியும் சாப்பிட்டான். சில்லுவுக்கு இன்று பிற்பகல் வேலை. அவள் வருவதற்குள் அசதியில் தூங்கிப்போனான். அவள் வந்து, வாசலில் இருந்த செருப்பைப் பார்த்துவிட்டு, முன்னறையைச் சத்தம் போடாமல் கடந்து போனாள். இப்போது நாளைக்குப் போடுவதற்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறாள், இடது கையால். துணிப்பை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருப்பதையும் பார்த்தேன். நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் நாளைக்கு அவன் சொல்லிவிடுவான் என்று தோன்றுகிறது.

திங்கட்கிழமை

சனிக்கிழமை இதை அனுப்பவில்லை. மறுநாள் நடந்தது இது.

காலை பத்து மணிக்கு மூவரும் தெருவுக்கு இறங்கினோம். அவன் அவளிடம், "கை எப்படி இருக்கு?" என்றான். "இருக்குப்பா" என்றாள். அவன் தார்ப்பாயை அவிழ்த்தான்.

சாய்சட்டம் இல்லை. கேபினுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு இரும்புக் குழாய். அதில் ரப்பர் சுற்றிய இரண்டு கைப்பிடி. காலடியில் வழுக்காத விரிப்பு. ஆளைக் குழாயோடு சேர்த்து மாட்டிக்கொள்ள ஒரு தோல்பட்டை. வலது பக்கத்துக் கைப்பிடி மட்டும் தடிமனாக இருந்தது. "மடங்காத விரலுக்குத் தடியா இருந்தாத்தான் பிடிக்க வசதி. அத்தை எழுதினதும் நம்ம டாக்டர்கிட்டப் போய்க் கேட்டு, அளவு எழுதி வாங்கிட்டு வந்து மாத்திச் செஞ்சேன்" என்றான். பேசும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

சில்லு ஏறி நின்றாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாப் பிடிக்க வருதுப்பா" என்றாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

"அப்பா, அன்னைக்கு நான் பிடியை விட்டேனா?"

அவள் கத்தவில்லை. அவனுடைய நல்ல காதின் பக்கம் குனிந்து, நிதானமாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றான். "இனிமே நீ விட்டாலும் பட்டை பிடிச்சுக்கும்."

அவள் இறங்கினாள். சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, ஓங்கிச் சாத்தவில்லை.

அவன் பின்தொட்டியில் ஏறினான். பிறகு குழாயில் கை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, உயரம் சரியில்லையா?" என்று கேட்டான்.

"உயரம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

தார்ப்பாயை மடித்துப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டான். பதினொரு மணிக்குக் கிளம்பிவிட்டான்.

அண்ணி